ஏரி எத்தனை அடி?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "ஏரி எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்கள். டீக்கடை, ரேஷன் கடை, தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு நிற்கிற வரிசை, எங்கே போனாலும் இதே கேள்வி. ஒருத்தர் "இருபத்தொண்ணு" என்பார். கேட்டவர் "ஐயையோ" என்பார். ஆனால் இருபத்தொன்று என்றால் எத்தனைக்கு இருபத்தொன்று, மேலே எவ்வளவு பாக்கி, அந்தப் பாக்கி நிரம்ப எவ்வளவு மழை வேண்டும்... இதை யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. சிவில் பிரிவில் சேர்ந்த பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். அதைத்தான் இந்த மலரில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்!

எங்கள் ஊர் அனகாபுத்தூர். ஏரி என்றால் செம்பரம்பாக்கம் ஏரி. அது எங்கள் ஊரில் இல்லை, மேற்கே தள்ளி இருக்கிறது. ஆனால் அங்கே ஷட்டரைத் திறந்தால் அந்த உபரி நீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் என்று ஊர் ஊராகத் தாண்டி, திருநீர்மலை பக்கம் அடையாற்றில் சேர்ந்து, அப்படியே எங்கள் ஊரை ஒட்டித்தான் போகும். எங்கள் தெருவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு முள்ளுக்காடும் நாலைந்து வீடுகளும்தான்.

அப்பா நெசவாளி. தாத்தாவும் நெசவாளி. ஒரு காலத்தில் எங்கள் ஊர்த் தறியில் நெய்த மெட்ராஸ் கைக்குட்டைத் துணி கப்பலேறி நைஜீரியா வரைக்கும் போனது. இப்போது தறிச் சத்தம் கேட்கிற வீடுகள் குறைந்துவிட்டன. எங்கள் வீட்டில் இன்னும் கேட்கிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அதனால் பேப்பரில் ஏரிக் கணக்கு வந்தால் வாசித்துச் சொல்கிற வேலை சின்ன வயதிலிருந்தே எனக்கு.

எங்களுடையது குழித்தறி. தரையில் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். நாலைந்து நாள் விடாமல் மழை பெய்தால் அந்தக் குழியில் ஊற்று எடுக்கும். யாரும் ஊற்றாமலேயே அடியிலிருந்து தண்ணீர் கசிந்து நிற்கும். அப்பா முதலில் டப்பாவால் மொண்டு ஊற்றிப் பார்ப்பார். இரண்டு நாளில் அலுத்துப் போய் நிறுத்திவிடுவார். பிறகு குழி வற்றுகிற வரைக்கும் தறி சும்மா கிடக்கும், அம்மாவின் ராட்டையும் சும்மா கிடக்கும். தெருவில் பாவு நீட்டவும் முடியாது, கஞ்சி போட்டால் காயவும் காயாது. மழைக்காலம் என்றால் எங்கள் வீட்டில் கடன் காலம்.

2015 டிசம்பரில் எனக்கு எட்டு வயது. 1ஆம் தேதி பகல் முழுக்க மழை. ராத்திரி குழி நிரம்பி, தரை நனைந்து, பிறகு வாசல் வழியாகவே தண்ணீர் உள்ளே வந்தது. அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு எதிர் மாடி வீட்டுக்கு ஓடினாள். அப்பா மட்டும் வரவில்லை. தறியில் ஆறு சேலைப் பாவு ஏற்றி, ஒன்றரை சேலை நெய்திருந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, நெய்த துணியை அறுத்து எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மீதிப் பாவு போனது போனதுதான். தண்ணீர் வடிந்ததும் சுவரில் சேறு ஒரு கோடு போட்டிருந்தது. வெள்ளையடித்தால் மறைந்துவிடும் என்று அப்பா ஆணியால் அந்தக் கோட்டைக் கீறி வைத்தார். தரையிலிருந்து 4 அடி 2 அங்குலம். குழியின் அடியிலிருந்து அளந்தால் என் தலைக்கு மேலே போகும், இன்றைக்கும்.

நாலே வருஷம். 2019 கோடையில் அதே ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சென்னைக்குத் தண்ணீர் தரும் மற்ற ஏரிகளும் அப்படித்தான் கிடந்தன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குடத்தோடு வரிசையில் போய் நிற்பாள். "இந்த ஏரி முங்கவும் வெக்குது, ஏங்கவும் வெக்குதுடி" என்று ஒருநாள் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எங்கள் பாடப்புத்தகத்தின் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது!

பிறகு 2020, நவம்பர் 25, நிவர் புயல். பகல் 12 மணிக்கு செம்பரம்பாக்கத்தில் 1000 கன அடி திறந்தார்கள். 2015க்குப் பிறகு அதுதான் முதல் திறப்பு. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். "ஆயிரம் கன அடி" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே தெருவில் பாதி வீடு மூட்டை கட்டிவிட்டது. ஆயிரம் என்றால் பெரிய எண் இல்லையா? படிப்படியாகக் கூட்டி ராத்திரி 9000 வரைக்கும் போனது. அப்பா இந்த முறை காத்திருக்கவே இல்லை. சாயங்காலமே பாவை அறுத்துச் சுருட்டி, நாடாவையும் அச்சையும் கழற்றி மாடி வீட்டில் வைத்துவிட்டார். தண்ணீர் எங்கள் வாசல்படி வரைக்கும் வரவில்லை. சந்தோஷம்தான். ஆனால் அறுத்த பாவை மறுபடி ஒவ்வொரு இழையாகப் பிணைத்து ஏற்ற எத்தனை நாள் ஆகும் என்று நெசவாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த மாதம் அரிசி கடனில் வந்தது. வெள்ளம் வந்தாலும் நஷ்டம், வரும் என்று பயந்தாலும் நஷ்டம்.

அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்த யாருக்கும் 2015இன் எண் ஞாபகத்தில் இல்லை. 29,000 கன அடி! ஆயிரம் எங்கே, இருபத்தொன்பதாயிரம் எங்கே?

இனி கணக்கு. கன அடி என்று சுருக்கமாகச் சொல்வது ஒரு வினாடிக்கு இத்தனை கன அடி என்பதைத்தான். ஒரு கன அடி தண்ணீர் 28 லிட்டர் சொச்சம். ஆயிரம் கன அடி திறந்தால் வினாடிக்கு 28,000 லிட்டருக்கு மேல். எங்கள் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் லாரி வினாடிக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து அவ்வளவு பாடுபட்டு வந்ததே ஒரு ரயில் தண்ணீர், அது ஒன்றரை நிமிஷத்தில் போய்விடும். 29,000 என்றால் அந்த ரயில் மூன்று வினாடி! இதை முதலாம் ஆண்டில் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். கையில் இருந்த தாரைக் கீழே வைத்துவிட்டு, "மூணு வினாடியா... அதுக்கா நான் ராத்திரியெல்லாம் நின்னேன்?" என்றாள்.

ஏரியின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. 24 அடிக்கு 3645 என்றால் ஓர் அடிக்கு சுமார் 150 என்று வகுத்துவிடத் தோன்றும். அப்படி வராது. ஏரி தொட்டி மாதிரி நேர்ச்சுவர் வைத்தது இல்லை, வாணலி மாதிரி. அடியில் சிறுத்து மேலே விரிந்திருக்கும். நிரம்பியிருக்கும்போது தண்ணீர்ப் பரப்பு சுமார் 25 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பரப்பில் ஓர் அடி உயர்ந்தால் 270 மில்லியன் கன அடி வருகிறது. ஆகவே பேப்பரில் "2 அடி உயர்ந்தது" என்று போட்டிருந்தால், எந்த இரண்டு அடி என்று பார்க்க வேண்டும். அடியில் இருக்கிற இரண்டு அடி வேறு, தலைமாட்டில் இருக்கிற இரண்டு அடி வேறு.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொன்று தெரிகிறது. ஏரிக்குப் புதுத் தண்ணீரே வரவில்லை என்று வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க 1000 கன அடி திறந்து விட்டாலும் 86 மில்லியன் கன அடிதான் குறையும். அதாவது நாலு அங்குலம்! கீழே இருக்கிற நாங்கள் ஆயிரத்துக்கே மூட்டை கட்டுகிறோம், ஏரிக்கோ அது நாலு அங்குலம். இப்போது 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரு நாளைப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தில் பதிவான மழை 47 சென்டிமீட்டர். சுற்று வட்டாரத் தண்ணீரை விட்டுவிடுவோம், ஏரியின் மேல் நேராக விழுந்த மழையே மட்டத்தை ஒன்றரை அடி உயர்த்தப் போதும். கரையோ மண் கரை. மண் கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் அரித்துக்கொண்டு போகும், பிறகு ஷட்டரும் இல்லை, கணக்கும் இல்லை. கொட்டுகிற மழையில் ஏன் திறக்கிறார்கள் என்று எங்கள் தெரு திட்டுகிறதே, அதற்கு விடை இந்தக் கரைதான். முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமா என்பது வேறு கேள்வி. அதைப் பெரியவர்கள் வருஷக்கணக்கில் வாதாடுகிறார்கள். நான் நடுவில் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: நவம்பரிலேயே காலி செய்து வைத்து, பிறகு மழை பொய்த்தால் 2019தான். காலியாக இருக்கிற ஒவ்வோர் அடியும் எங்களுக்குப் பாதுகாப்பு, நிரம்பியிருக்கிற ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவருக்குக் கோடைக் குடிநீர். அந்த யாரோ ஒருவரிலும் எங்கள் அம்மா இருக்கிறாள்.

ஒரே அளவு மழை ஒரு தடவை ஏரியை அசைக்காது, இன்னொரு தடவை தூக்கி நிறுத்திவிடும். இது ஏன்? ஹைட்ராலஜி பகுதி நடத்தும்போது எங்கள் சார் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். எனக்கோ மனதுக்குள் பாவுக்குக் கஞ்சி போடுவதுதான் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த நூலில் கஞ்சி ஊற்றினால் முதலில் ஒரு சொட்டும் கீழே விழாது, எல்லாவற்றையும் நூலே குடிக்கும். குடித்து முடித்த பிறகு ஊற்றுகிற கஞ்சி அத்தனையும் தரையில்தான். மண்ணும் அப்படித்தான். ஐப்பசி முதல் மழையைக் காய்ந்த மண் குடித்துவிடும். மண் நிரம்பிய பிறகு மேலே இருக்கிற ஏரிகள் குடிக்கும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் என்று மேற்கே இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர்தான் செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. மேலே இருக்கிறவர் இலை நிரம்பினால்தான் கீழே இருக்கிறவர் இலைக்கு! 2015 நவம்பரில் சென்னையில் ஒரே மாதத்தில் 1049 மில்லிமீட்டர் மழை. 1918க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இல்லை. மண்ணும் நிறைந்து, மேல் ஏரிகளும் நிறைந்து, குடிக்க யாருமே இல்லாத நேரத்தில் டிசம்பர் 1 மழை வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் இதை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப மண்ணு குடிச்சி முடிச்சிடுச்சான்னு எப்படிப்பா தெரியும்?" என்னை அப்பா சில சமயம் 'பா' போட்டுத்தான் பேசுவார். "அதுக்கு மண்ணுல குழி எடுத்து..." என்று ஆரம்பித்தேன். மேலே சொல்ல வரவில்லை. அவர் கால் தொங்கிக்கொண்டிருந்ததே ஒரு குழிக்குள்தான்! இருவரும் குழியைப் பார்த்தோம். "தாத்தா சொல்வாரு பாப்பா, குழியில ஊத்து எடுத்துட்டா இனிமே பெய்யறதெல்லாம் ஆத்துக்குன்னு" என்றார் அப்பா. மூன்று தலைமுறையாக வேலையைக் கெடுக்கிற சனியன் என்று திட்டிய அந்த ஊற்று, கணக்கின் முதல் பாதியை வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டு மண்ணும் ஸ்ரீபெரும்புதூர் மண்ணும் ஒன்றில்லை என்று சார் எச்சரித்தார், அது நியாயம். ஆனாலும் இரண்டும் நனைவது ஒரே வடகிழக்குப் பருவமழையில்தானே.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அடையாறு ஏரித் தண்ணீர் மட்டும் இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்துத் தண்ணீரும் அதில்தான் வருகிறது. ஷட்டரை அடியோடு மூடியிருந்தாலும் ஆறு ஏறலாம். "ஏரி பதினெட்டுதான், நிம்மதியா தூங்கு" என்று சொல்கிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சரி, இவ்வளவு கணக்கும் தெரிந்து என்ன செய்வது? எங்கள் சுவரில் 4 அடி 2 அங்குலம் கோடு இருக்கிறது. மற்ற வீடுகளில் வெள்ளையடித்து, டைல்ஸ் ஒட்டி, இடித்துக் கட்டி, கோடே இல்லை. பாதிப் பேர் 2015க்குப் பிறகு குடிவந்தவர்கள். அவர்களுக்கு வெள்ளம் எது வரைக்கும் வந்தது என்றே தெரியாது. இரண்டாம் ஆண்டு சர்வே கேம்ப் முடிந்து வந்த சூட்டோடு எனக்கு ஓர் ஆசை வந்தது. டம்பி லெவலை வீட்டுக்குத் தர மாட்டார்கள். ஆனால் எங்கள் மாமா மேஸ்திரி. அவரிடம் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறது. கண்ணாடி மாதிரி தெரிகிற டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஒருவர் பிடித்து, மறு முனையை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போனால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். எங்கள் வீட்டுக் கோட்டில் ஒரு முனை, பக்கத்து வீட்டுச் சுவரில் மறு முனை. அங்கே ஒரு கோடு. அங்கிருந்து அடுத்த வீடு. ஓடுகிற ஆற்றில் இது செல்லாது, ஒரு சின்னத் தெருவுக்குள் நின்ற தண்ணீருக்குப் போதும் என்று சார் சொல்லியிருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் 14 வீடுகள் முடித்தோம். தெரு பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல் கோடிக்கும் ஆற்றுக் கோடிக்கும் 1 அடி 7 அங்குலம் வித்தியாசம்! மேல் கோடி வீட்டில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்ற அதே தண்ணீர், கடைசி வீட்டில் படுத்திருக்கிறவர் எழுந்து நிற்பதற்குள் கட்டிலை மிதக்க வைத்திருக்கும்.

எல்லோரும் வரவேற்றார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை. ஒரு வீட்டுச் சொந்தக்காரர் மாமாவிடமே சண்டைக்கு வந்துவிட்டார். "செவுத்துல வெள்ளக் கோட்டப் போட்டா நாளைக்கு எவன் குடி வருவான்? வீட்டை விக்கணும்னா எவன் வாங்குவான்?" அவர் கேட்டதிலும் பொய் இல்லை. பதில் என்னிடம் இல்லை. மாமா டியூபைச் சுருட்டிவிட்டார்.

அப்பா என்ன செய்தார் என்றால், கடந்த ஐப்பசியில் பாவு எடுக்கப் போன இடத்தில் ஆறு சேலைப் பாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ரெண்டு சேலைக்குப் போதும். தை பொறந்ததும் மிச்சத்தைப் பாத்துக்கலாம்." கூலி கொஞ்சம் அடிபடும். ஆனால் அறுக்க வேண்டி வந்தால் இரண்டு சேலைதான் போகும். காலையில் எழுந்ததும் முதலில் குழிக்குள் கையை விட்டு ஈரம் பார்ப்பார், பிறகு என்னைப் பார்த்து "ஏரி எத்தனை அடி?" என்பார். நான் அடியைச் சொன்னால் விடமாட்டார். "வரத்து எவ்வளவு, போக்கு எவ்வளவு?" என்றும் கேட்பார்.

சண்டை போட்டாரே, அந்த வீட்டில் குடியிருக்கிற அக்கா மறுவாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார். "உள்ள வந்து போடும்மா, சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால. யாருக்கும் தெரியாது" என்றார். மாமாவை அழைத்து வந்து டியூப் பிடித்தோம். கோடு அந்த அக்காவின் மகன் தோள் உயரத்துக்கு வந்தது. பையனுக்கு ஆறு வயது. அக்கா அவனைக் கதவோடு ஒட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, அரிசி டிரம்மை எங்கே மாற்றி வைக்கலாம் என்று மாமாவிடம் யோசனை கேட்க ஆரம்பித்தார்.